டாட்ஜ் ராம் கம்மின்ஸ் டீசல்: 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் குறைந்த செலவில் பலப்படுத்த முழுமையான வழிகாட்டி

1998-ன் நடுவில் டாட்ஜ் ராம் 2500, 3500 வண்டிகளில் 24 வால்வ் கம்மின்ஸ் இன்ஜின் வந்தது. அதே இன்ஜின் மேனுவல் கியர்பாக்ஸோடு 235 குதிரைத்திறன், 460 பவுண்டு-அடி டார்க் என்று விற்கப்பட்டது. 47ஆர்இ ஆட்டோமேட்டிக்கோடு வாங்கினால் 215 குதிரைத்திறன், 420 பவுண்டு-அடிதான். இன்ஜின் ஒன்றே, குறைத்து வைத்தது கியர்பாக்ஸுக்காக. அது எவ்வளவு தாங்கும் என்று கம்பெனியே இப்படி எழுதிக் கொடுத்துவிட்டது. இதன்மேல் பெரிய இன்ஜெக்டரும் ட்யூனர் பெட்டியும் ஏற்றுகிறவர்கள், சில மாதத்தில் "ரேஸ் ஏறுது, வண்டி நகரல" என்று வந்து நிற்பதில் வியப்பில்லை.

இந்தக் கியர்பாக்ஸை மொத்தமாக மாற்றினால் பல ஆயிரம் டாலர் போய்விடும். வரிசை தெரிந்து செலவழித்தால் அதில் ஒரு பங்கிலேயே நல்ல பலன் கிடைக்கும். அளவு எடுப்பது முதலில், ஆயில் பிரஷர் அடுத்தது, கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) அதற்குப் பிறகு, இன்புட் ஷாஃப்ட் (கன்வர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) கடைசி. பலர் கன்வர்ட்டரில் தொடங்கித்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 2003-ல் இதன் வாரிசாக வந்த 48ஆர்இ-க்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்; மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது

1962-ல் கிரைஸ்லர் கொண்டுவந்த மூன்று கியர் டார்க்ஃப்ளைட் 727-தான் இதன் பாட்டன். அதன் வாலில் ஓவர்டிரைவ் (நான்காம் கியர்) பெட்டி ஒன்றை ஒட்டினால் 47ஆர்இ. விகிதங்கள் 2.45, 1.45, 1.00, 0.69. பின் கிளட்ச் எல்லா முன்னோக்கு கியரிலும் பிடிக்கும். முன் பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை) இரண்டாம் கியருக்கு. முன் கிளட்ச் மூன்றாவதுக்கும் ரிவர்ஸுக்கும். பின் பேண்ட் ரிவர்ஸிலும், லீவரை 1-ல் போடும்போதும் வேலை செய்யும். இது மனதில் இருந்தால், எந்தக் கியரில் நழுவுகிறது என்பதை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்தது என்று சொல்லிவிடலாம். ரிவர்ஸ் நன்றாக இருந்து, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மட்டும் ரேஸ் துள்ளினால், முன் பேண்டைப் பாருங்கள்.

கியர் எப்போது மாற வேண்டும் என்பதை முடிவு செய்வது இரண்டு பிரஷர்களின் இழுபறி. ஒரு பக்கம் வேகத்தைச் சொல்லும் கவர்னர் பிரஷர். இதை கம்ப்யூட்டர் ஒரு சாலினாய்டு வழியாக உண்டாக்குகிறது. மறுபக்கம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைச் சொல்லும் த்ராட்டில் வால்வ் பிரஷர். இது வெறும் கேபிள். பெரும்பாலான கோளாறு இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

காசை எடுப்பதற்கு முன் அளவு

ஆயில் மட்டத்தைப் பார்ப்பதிலேயே தப்பு நடக்கிறது. இந்தக் கியர்பாக்ஸில் லீவர் பார்க்கில் இருக்கும்போது கன்வர்ட்டருக்கும் கூலருக்கும் ஆயில் போகாது. ஆகவே மட்டத்தை நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும்: கியர்பாக்ஸ் சூடாக, இன்ஜின் ஐடிலில், வண்டி சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு. பார்க்கில் பார்த்தால் தப்பான அளவு காட்டும். ஆயில் ஏடிஎஃப்+4 மட்டுமே.

அடுத்து லாக்-அப். கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் முழுதாகப் பிடித்தால் இன்ஜினும் இன்புட் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அது பிடிக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம், கணக்கு போதும். மணிக்கு எத்தனை மைல் என்பதை 336-ஆல் பெருக்கி, அதை ஆக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலம்) வகுங்கள். 3.55 ஆக்சில், 30.5 அங்குல டயர், ஓவர்டிரைவ், 65 மைல் வேகம் என்றால் விடை சுமார் 1,750. டேக்கோமீட்டர் அங்கே நின்றால் சரி. 1,950 காட்டினால் லாக்-அப் பிடிக்கவில்லை, இல்லையேல் நழுவுகிறது. எது என்று பிரிக்க, சமவேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிரேக் மிதியை லேசாகத் தொடுங்கள். ரேஸ் இருநூறு, முந்நூறு ஏறினால் பிடித்திருந்த லாக்-அப் விட்டது என்று பொருள். ஒன்றுமே மாறாவிட்டால் முதலிலேயே பிடிக்கவில்லை. சமதளத்தில் பிடித்து, மேட்டில் சுமையோடு ஏறும்போது ரேஸ் மெல்ல மெல்லக் கூடினால், அந்தக் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கம்ப்யூட்டரில் பி0740 என்ற பிழைக் குறியீடு (கோடு) விழுவதும் இதற்குத்தான்.

45 மைலிலிருந்து 55 மைல் வரை லாக்-அப் பிடித்துப் பிடித்து விடுகிறது என்றால் கியர்பாக்ஸைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். ஆல்டர்னேட்டர் டையோடு கெட்டால் டிசி-யோடு ஏசி அலையும் கலந்து போய் கம்ப்யூட்டரைக் குழப்பும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். அதன் வயரைக் கழற்றி, முனையைப் பத்திரமாகச் சுற்றிவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆக்சிலரேட்டர் பொசிஷன் சென்சர் தேய்ந்தாலும் இதே கூத்துதான். கன்வர்ட்டரை மாற்றிய பிறகும் அதே குறை தொடர்ந்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

கடைசியாக பிரஷர். 0 முதல் 300 பிஎஸ்ஐ காட்டும் மீட்டர், நீள ஹோஸ், கேஸில் உள்ள டெஸ்ட் துளைக்குப் பொருந்தும் ஃபிட்டிங் வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் வால்வ் பாடியை (ஆயிலை எங்கே, எவ்வளவு பிரஷரில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வ்களின் தொகுதி) தொடவே கூடாது. கழற்றாத பழைய கியர்பாக்ஸில், 1,000 ஆர்பிஎம்மில் த்ராட்டில் லீவர் மூடிய நிலையில் லைன் பிரஷர் (கிளட்ச்களையும் பேண்ட்களையும் அழுத்தும் முக்கிய ஆயில் பிரஷர்) 54 முதல் 60 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். லீவரை முழுதாகப் பின்னால் தள்ளும்போது 90 முதல் 96 வரை ஏற வேண்டும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள், பின்னால் ஒவ்வொரு மாற்றத்தையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம். ரிவர்ஸில் பிரஷர் இரண்டு மடங்குக்கு மேல் போகும், சின்ன மீட்டர் உடைந்துவிடும்.

ஒரு நாள் வேலை: ஆயில், ஃபில்டர், பேண்ட், கேபிள்

கம்பெனி ஆயில் பேனில் ட்ரெயின் பிளக் கிடையாது. பின் போல்ட்களை முதலில் தளர்த்தி, ஒரு மூலையைச் சாய்த்து வடிய விட வேண்டும். முன் போல்ட்களைத் தளர்த்தினால் ஆயில் முகத்தில்தான் கொட்டும். வடித்த கையோடு பேனுக்குள் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். மை போன்ற மெல்லிய சாம்பல் பூச்சு இயல்பானது. பித்தளை மினுமினுப்பு இருந்தால் புஷ் தேய்கிறது. விரலுக்கு நெருடும் இரும்புத் துகளும் கருகிய வாடையும் சேர்ந்திருந்தால் பிரஷரை ஏற்றியெல்லாம் காப்பாற்ற முடியாது. அந்தக் கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும், செலவுக் கணக்கும் வேறு.

பேன் இறங்கியிருக்கும்போதே பின் பேண்டைச் சரிசெய்யுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை 72 அங்குல-பவுண்டு (8 நியூட்டன் மீட்டர்) இறுக்கி, அங்கிருந்து 3 சுற்று பின்னால் விடுங்கள். ஸ்க்ரூ திரும்பாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை 25 பவுண்டு-அடி இறுக்குங்கள். முன் பேண்ட் ஸ்க்ரூ வெளியே, கேஸின் இடப்பக்கத்தில் லீவர்களுக்கு மேலே இருக்கிறது. அதே 72 அங்குல-பவுண்டுக்கு இறுக்கி, 47ஆர்இ-யில் 1 7/8 சுற்றும், 48ஆர்இ-யில் 1 3/4 சுற்றும் பின்னால் விட வேண்டும். லாக் நட் 30 பவுண்டு-அடி. சுற்றை எண்ண ஸ்க்ரூ தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், கால் சுற்று தப்பினாலும் இரண்டாம் கியரில் தெரியும். "கொஞ்சம் டைட்டாக வைத்தால் நன்றாகப் பிடிக்கும்" என்ற யோசனை வேண்டாம். விடாத பேண்ட் மூன்றாம் கியரில் டிரம்மோடு உரசிக் கருகும்.

புது ஃபில்டரின் ஸ்க்ரூ 35 அங்குல-பவுண்டு, பேன் போல்ட் 13 பவுண்டு-அடி. பேன் இறக்கியதற்கு நான்கு, ஐந்து லிட்டர் ஆயில் போகும். கன்வர்ட்டர் உட்பட முழுதாகக் காலியான கியர்பாக்ஸுக்கு 14 முதல் 16 லிட்டர் வேண்டும்.

இனி த்ராட்டில் வால்வ் கேபிள். காசே செலவில்லாத வேலை, ஆனால் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இன்ஜின் பக்கத்து த்ராட்டில் லீவர் அசையத் தொடங்கும் அதே நொடியில் கியர்பாக்ஸ் பக்கத்து லீவரும் அசைய வேண்டும். ஒருவரை மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். கேபிள் தொய்ந்திருந்தால், இன்ஜின் டார்க் ஏறிய பிறகுதான் பிரஷர் ஏறும். அந்த இடைவெளியில் கிளட்ச் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். ஓரிரு பல் கூடுதலாக இறுக்கினால் பிரஷர் சற்று முன்னதாகவே ஏறும், கியர் சற்றுத் தாமதமாக மாறும். சுமை இழுக்கிற வண்டிக்கு அது நல்லதே. 48ஆர்இ-யின் பிந்தைய வண்டிகளில் இந்தக் கேபிளுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது, அதைக் கையால் சரிசெய்ய முடியாது.

வால்வ் பாடி: காசுக்கு அதிகப் பலன் தரும் இடம்

கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பவை அதன் பரப்பும், அதை அழுத்தும் பிரஷரும்தான். பரப்பைக் கூட்ட கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும். பிரஷரைக் கூட்ட பேனை இறக்கினால் போதும். மீட்டருக்கு அடுத்த செலவு இதற்குத்தான் என்பது அதனால்தான்.

மிகச் சிக்கனமான வழி, வால்வ் பாடியில் உள்ள பிரஷர் ஸ்க்ரூ. இடஞ்சுழியாக ஒரு முழுச் சுற்று விட்டால் சுமார் 1 2/3 பிஎஸ்ஐ கூடும். கம்பெனி வைத்த அளவு 1 5/16 அங்குலம் (வால்வ் பாடி விளிம்பிலிருந்து ஸ்க்ரூவின் உள் விளிம்பு வரை). முதலில் அதை அளந்து, தேய்மானத்தால் நகர்ந்திருந்தால் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று, நான்கு சுற்று விட்டால் ஐந்தாறு பிஎஸ்ஐ கிடைக்கும். கம்பெனி அளவு பவரில் ஓடும் வண்டிக்கு இதுவும் கேபிள் வேலையும் போதும். இன்ஜினில் கைவைத்தவர்களுக்குப் போதாது.

அடுத்த படி ஷிஃப்ட் கிட் (வால்வ் பாடியை மாற்றியமைக்கும் பாகங்களின் தொகுப்பு). டிரான்ஸ்கோ நிறுவனத்தின் டிஎஃப்ஓடி டீசல் கிட் போன்றவை நூறு, இருநூறு டாலருக்குள் முடியும். உள்ளே வேறு ஸ்பிரிங்குகள், வால்வ், வால்வ் பாடிக்குள் இருக்கும் பிளேட்டில் துளை போட டிரில் பிட் எல்லாம் இருக்கும். முழு த்ராட்டிலில் 120-லிருந்து 150 பிஎஸ்ஐ வரை கொண்டுவருவது இத்தகைய மாற்றங்களில் வழக்கம். பார்க்கிலும் கன்வர்ட்டருக்கு ஆயில் போக வைப்பது கூடுதல் லாபம். கைப்பழக்கம் இல்லாதவர்கள் தயாராகச் செய்த வால்வ் பாடியையே வாங்கலாம். விலை பல மடங்கு, ஆனால் ஒரே மாலையில் மாட்டிவிடலாம்.

கழற்றும் வரிசை:

1. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். வால்வ் பாடி இறங்கினால் பார்க் லாக் ராடும் அதோடு வந்துவிடும், அதன்பின் லீவரை நம்பி வண்டி நிற்காது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

2. லீவரை நியூட்ரலில் வைத்து, கேஸுக்கு வெளியே ஷாஃப்டில் இருக்கும் ஷிஃப்ட் லீவரையும் த்ராட்டில் லீவரையும் கழற்றுங்கள். சாலினாய்டு கனெக்டரைப் பிடுங்குங்கள்.

3. பேன், ஃபில்டர் இறக்கி ஒரு மணி நேரம் வடிய விடுங்கள்.

4. வால்வ் பாடி போல்ட்களை எடுங்கள். கடைசி இரண்டை எடுக்கும்போது அடியில் ஒரு கை தாங்கலாக இருக்கட்டும். கொஞ்சம் இறங்கியதும் அக்யூமுலேட்டர் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் விழும். எது மேலே, எது கீழே என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. மேனுவல் ஷாஃப்டையும் கனெக்டரையும் கேஸிலிருந்து மெல்ல விடுவித்து, வால்வ் பாடியைச் சுழற்றி, பார்க் ராடை உருவி எடுங்கள்.

மேசையில் பிரிக்கும்போது சுத்தம்தான் முக்கியம். நூல் உதிரும் துணியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், ஒரு நூலிழை போதும் வால்வ் ஒட்டிக்கொள்ள. பிளேட்டைத் தூக்குவதற்கு முன் செக் பால்கள் (ஆயிலை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சிறு குண்டுகள்) எங்கெங்கே இருக்கின்றன என்று படம் எடுங்கள். எல்லாம் ஒரே அளவு அல்ல, ஒன்று பெரியது. துளை போட கிட்டில் வந்த பிட்டை மட்டும் பயன்படுத்துங்கள், பிசிரை மெல்லிய அரத்தால் எடுங்கள். வால்வ் பாடியை நிமிர்த்தினால் ஒவ்வொரு வால்வும் தன் எடையிலேயே சறுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூக்கள் 35 அங்குல-பவுண்டுதான். கைப்பலத்தில் இறுக்கினால் அலுமினியம் வளைந்து வால்வ் சிக்கும். "கிட் போட்டேன், மூன்றாம் கியரே விழவில்லை" என்ற புகார்களில் பாதி இதுதான்.

வால்வ் பாடி கையில் இருக்கும்போதே கவர்னர் சாலினாய்டையும் அதன் பிரஷர் சென்சரையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள். பி1762, பி1763, பி1757 போன்ற கோடுகள், இரண்டாம் கியரிலேயே கிளம்புவது, முதல் கியரை விட்டு ஏறாமல் அடம்பிடிப்பது எல்லாம் பெரும்பாலும் இவற்றின் வேலை. பின்னால் தனியாக மாற்றினால் அதே ஆயிலை இன்னொரு முறை வடிக்க வேண்டும். முன் பேண்டைத் தள்ளும் ஸ்ட்ரட்டும் இந்த நேரத்தில் கைக்கு எட்டும். கம்பெனி ஸ்ட்ரட் கூடுதல் பிரஷரில் வளையும். கடைந்து செய்த ஸ்ட்ரட் சின்னச் செலவு, மாற்றிவிடுங்கள். அதன்பின் முன் பேண்டை மறுபடி சரிசெய்ய மறக்க வேண்டாம்.

மாட்டும்போது பார்க் ராடு உள்ளே போகாமல் முட்டும். அடித்து இறக்காதீர்கள். இன்னொருவர் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைச் சற்றுத் திருப்பினால் தானாகவே நுழையும். கனெக்டரின் ஓ-ரிங்கில் ஆயில் தடவுங்கள். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 100 அங்குல-பவுண்டு இறுக்குங்கள்.

ஆயில் ஊற்றியதும் மீட்டரை மாட்டி, முன்பு எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். ஐடிலில் பழைய அளவைவிடச் சற்றுக் கூடி, த்ராட்டிலோடு சீராக ஏறினால் வேலை முடிந்தது. முள் ஆடினால் உள்ளே எங்கோ கசிகிறது, அல்லது ஃபில்டர் காற்றை இழுக்கிறது. பிரஷரை அளவு மீறி ஏற்றுவதும் ஆபத்தே. சீல் பிதுங்கும், பம்ப் சூடாகும்.

கன்வர்ட்டர்

கம்பெனி கன்வர்ட்டரில் லாக்-அப் கிளட்ச் ஒற்றைத் தட்டுதான். இன்ஜின் டார்க் முழுவதும் அந்த ஒரு தட்டில் நிற்கிறது. மூன்று தட்டு வைத்த கன்வர்ட்டர் நல்ல தீர்வு, ஆனால் ஆயிரம் டாலரைத் தாண்டும். வால்வ் பாடி பழையதாகவே இருந்தால் லாக்-அப் பிரஷர் போதாமல் மூன்று தட்டும் நழுவும், ஆயிரம் டாலர் தண்ணீரில் போகும்.

ஸ்டால் வேகம் (வண்டி நகராமல் நிற்கும்போது கன்வர்ட்டர் இன்ஜினை ஏறவிடும் உச்ச ஆர்பிஎம்) எவ்வளவு வாங்குவது? இந்த இன்ஜின் உச்ச டார்க்கைத் தருவது 1,600 ஆர்பிஎம்மில். கம்பெனி டர்போவோடு சுமை இழுக்கும் வண்டிக்கு அந்த இடத்தைச் சுற்றியுள்ள குறைந்த ஸ்டால் பொருந்தும். பெரிய டர்போ போட்டவர்கள் அதையே வாங்கினால், சிக்னலில் கிளம்பும்போது கரும்புகையோடு வண்டி திணறும்; டர்போ சுழலத் தேவையான ஆர்பிஎம்முக்கு கன்வர்ட்டர் விடாது. டர்போ விவரத்தையும் டயர் அளவையும் கன்வர்ட்டர் செய்பவரிடம் சொல்லியே வாங்குங்கள்.

இதற்குக் கியர்பாக்ஸ் கீழே இறங்க வேண்டும். சாதா ஜாக்கில் இறக்காதீர்கள், டிரான்ஸ்மிஷன் ஜாக்கை வாடகைக்கு எடுங்கள். இறங்கியதும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் (இன்ஜினையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் தட்டு) போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இரண்டையும் நேராக நிறுத்தும் டவல் பின்கள் இருக்க வேண்டும். அவை தொலைந்த வண்டியில் கியர்பாக்ஸ் மயிரிழை கோணலாக உட்கார்ந்து பம்ப் புஷ்ஷைத் தின்னும்.

புதுக் கன்வர்ட்டரில் ஒன்றிரண்டு லிட்டர் ஆயில் ஊற்றி, திருப்பிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று முறை விழ வேண்டும். மூன்றாவதும் விழாமல் போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் அங்கேயே உடையும். பெல் ஹவுசிங் இன்ஜினோடு கைவிசையிலேயே சேர வேண்டும், போல்ட்டால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் இடையே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. கன்வர்ட்டரோடு வந்த போல்ட்களையே பயன்படுத்துங்கள். நீளம் சற்றுக் கூடினாலும் கவரின் உட்பக்கம் புடைக்கும், லாக்-அப் தட்டு அங்கே உரசும்.

பழைய கன்வர்ட்டர் கருகியிருந்தால் அதன் தூசி கூலரிலும் பைப்பிலும் தங்கியிருக்கும். கூலரைக் கழுவுங்கள், சந்தேகமானால் மாற்றுங்கள். கூலர் பைப்பில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் செக் வால்வ் இருக்கும் வண்டிகளில் அது அடைபட்டால், பின்பக்கக் கியர்களுக்கு ஆயில் போகாது. புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸையே கருக்கிவிடும் சின்ன உருப்படி அது.

இன்புட் ஷாஃப்டும் ஓவர்டிரைவும்

சுமார் 400 குதிரைத்திறன் வரை கம்பெனி இன்புட் ஷாஃப்ட் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் போனால், அதிலும் லாக்-அப் பிடித்த நிலையில் முழு மிதி மிதித்தால், முறிவது இதுதான். லாக்-அப்பைக் கையால் பூட்ட சுவிட்ச் வைத்துக்கொள்பவர்கள் கியர் மாறுவதற்கு முன் அதை விடுவிக்க வேண்டும். நடுவில் கன்வர்ட்டரின் வழுக்கல் இல்லாவிட்டால் அந்த அடி முழுவதும் ஷாஃப்டில் விழும். பவரை ஏற்றும் திட்டம் இல்லையென்றால் கடைந்து செய்த ஷாஃப்ட் வீண் செலவு.

ஓவர்டிரைவ் பெட்டியை வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங் சுமார் 800 பவுண்டு விசையில் அமுங்கியிருக்கிறது. பிரஸ்ஸும் அதற்கான அடாப்டரும் இல்லாமல் ஸ்னாப் ரிங்கை எடுத்தால் கை போகும்.

ஓடத் தொடங்கிய பின்

கியர்பாக்ஸ் முழுதாகக் காலியாக இருந்தால் முதலில் ஆறேழு லிட்டர் ஊற்றி, இன்ஜினைக் கிளப்பியதும் நியூட்ரலில் வைத்து விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு எல்லா நிலைகளிலும் லீவரை ஒரு சுற்று நகர்த்தி, நியூட்ரலுக்கு வந்து மட்டம் பாருங்கள். பேனில் ஒரு வெப்ப சென்சர் வைப்பது நல்லது. சுமையோடு மலை ஏறும்போது ஓவர்டிரைவை அணைத்து மூன்றாம் கியரில் லாக்-அப்போடு ஓட்டினால் சூடு குறைவதை அதன் மீட்டர் முள்ளே காட்டும்.

முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் வேண்டாம், முழு மிதியும் வேண்டாம். அதற்குப் பிறகு பேனை இறக்கிக் காந்தத்தைத் துடைத்து, ஃபில்டர் மாற்றி, முன் பேண்டை மறுபடி 72 அங்குல-பவுண்டுக்கு இறுக்கி அதே சுற்று பின்னால் விடுங்கள். புது ஸ்ட்ரட் உட்கார்ந்ததில் ஸ்க்ரூ முன்பைவிடச் சற்று உள்ளே போகும். முக்கால் சுற்றுக்கு மேல் போனால் அது உட்கார்ந்தது அல்ல, பேண்டின் லைனிங் கரைகிறது. மீட்டரை மாட்டி இரண்டாம் கியரில் பிரஷர் பாருங்கள்.